மூக்கு வழியே பிட்யூட்டரி ஆபரேஷன்: வீட்டுக்கு வந்த பிறகு வரும் பத்து நாள்

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வளரும் கட்டியை மூக்கு வழியாக எடுக்கிறார்கள் என்று சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தோம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் ஆபரேஷனைப் பற்றிய கேள்விகள் குறைவு. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தவர்கள்தான் அதிகம். அதனால் அதற்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

அப்பாவுக்கு 54 வயது. கைத்தறியில் லுங்கி நெய்கிறார். ஆறு மாதமாக, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா தறியின் இரண்டு கோடிக்கும் போய் நிற்பது கண்ணில் படவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடி மாற்றியும் பயனில்லை. ஸ்கேனில் பிட்யூட்டரியில் 26 மில்லிமீட்டர் கட்டி இருக்கிறதாம். தலையைத் திறக்காமல் மூக்கு வழியாக எப்படி எடுப்பார்கள்?
– வாசகி, குடியாத்தம்

பீல்டு டெஸ்ட் என்று கண் ஆஸ்பத்திரியில் எடுக்கிற பார்வைப் பரப்புச் சோதனை சொல்வதை அப்பா தறியில் உட்கார்ந்தே சொல்லிவிட்டார். பிட்யூட்டரி பட்டாணி அளவுச் சுரப்பி, எடை அரை கிராம்தான். அதற்கு நேர் மேலே இரு கண்களின் நரம்புகளும் சந்திக்கின்றன. அந்தச் சந்தியில் குறுக்கே மாறிப் போகிற இழைகள்தான் இரு பக்க ஓரக் காட்சியைக் கொண்டு வருபவை. கட்டி மேலே எழும்பும்போது முதலில் நசுங்குவது அவையே. நேர்ப்பார்வை கெடாது என்பதால் கண் டாக்டரின் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிடுவார். பக்கவாட்டில் வருகிற பைக் மட்டும் தெரியாது. கண்ணாடியால் இது சரியாகாது.

வீட்டிலேயே ஒருமுறை பாருங்கள். அப்பாவை எதிரே, ஒரு கை தூரத்தில் உட்கார வையுங்கள். அவர் வலக்கண்ணை மூடிக்கொள்ளட்டும், நீங்கள் இடக்கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அவர் உங்கள் மூக்கையே பார்த்திருக்க, இருவருக்கும் நடுவில் உங்கள் விரலை வெளிப்பக்கத்திலிருந்து ஆட்டியபடி உள்ளே கொண்டுவாருங்கள். உங்களுக்கு விரல் தெரிந்து வெகுநேரம் கழித்துத்தான் அவருக்குத் தெரிகிறது என்றால் அந்த ஓரம் போயிருக்கிறது. அடுத்த கண்ணையும் இப்படியே பாருங்கள்.

இனி வழி. கட்டி மூளைக்குள் இல்லை. மூளைக்குக் கீழே, குதிரைச் சேணம் போலக் குழிந்த ஓர் எலும்புப் பள்ளத்தில் இருக்கிறது. அந்தப் பள்ளத்தின் தரைக்குக் கீழே ஸ்பீனாய்டு என்ற காற்றறை. அந்த அறையின் வாசல் மூக்கின் பின்கோடியில் திறக்கிறது. அதனால் கீழிருந்து போகிறவர் மூளையைத் தொடவே வேண்டியதில்லை.

முழு மயக்கம் கொடுத்த பிறகு, அட்ரினலின் நனைத்த பஞ்சுத் திரிகளை இரு துவாரத்திலும் சில நிமிடம் வைத்து மூக்குச் சவ்வைச் சுருங்க வைப்பார்கள். ரத்தம் குறையும், இடமும் கிடைக்கும். 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள எண்டோஸ்கோப் ஒரு துவாரத்தில் போகும். மூக்கு நடுச்சுவரின் பின்பகுதியில் கொஞ்சம் எடுத்துவிட்டால் இரண்டு துவாரமும் உள்ளே ஒன்றாகிவிடும். ஒருவர் கேமராவைப் பிடிக்க, மற்றவர் இரு கையாலும் வேலை செய்யலாம். காற்றறையைத் திறந்ததும் பள்ளத்தின் தரை தெரியும். அதைச் சின்ன டிரில்லால் தேய்த்து, உள்ளிருக்கும் உறையைக் கீறினால் கட்டி. பெரும்பாலும் கெட்டித் தயிர்போல மெத்தென்றிருக்கும். வளைய முனைக் கருவியால் வழித்து, உறிஞ்சி எடுப்பார்கள்.

இதில் வரிசை முக்கியம். முதலில் அடிப்பாகம், பிறகு பக்கங்கள், மேல்பாகம் கடைசி. மேலே முதலில் எடுத்துவிட்டால் கட்டி தாங்கிக்கொண்டிருந்த மேல்சவ்வு பொத்தென்று இறங்கி, ஓரத்தில் மிச்சமிருப்பதை மறைத்துவிடும். பள்ளத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற கரோடிட் தமனிகள் ஓடுகின்றன. அவற்றில் காயம் படுவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவுதான், பட்டால் உயிருக்கே ஆபத்து. பக்கவாட்டில் தமனியைச் சுற்றிக்கொண்ட துண்டை வேண்டுமென்றே விட்டுவிட்டு வருவதும் இதனால்தான். அது டாக்டரின் குறை அல்ல.

கடைசியில் மூளைத் தண்ணீர், அதாவது மூளையைச் சூழ்ந்திருக்கும் நீர், கசிகிறதா என்று பார்ப்பார்கள். கசிந்தால் வயிற்றிலோ தொடையிலோ கொஞ்சம் கொழுப்பு எடுத்து அடைத்து, மூக்குச் சவ்வின் ஒரு பகுதியை அதன் ரத்தக்குழாயோடு திருப்பி மேலே போர்த்துவார்கள். "மூக்கில்தானே ஆபரேஷன், வயிற்றில் ஏன் தையல்?" என்று கேட்கும் குடும்பங்களுக்கு விடை இதுதான். மொத்தமாக இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும்.

பார்வை பாதிக்கப்பட்டிருப்பதால் தள்ளிப்போடாதீர்கள். சிலருக்கு மறுநாளே வெளிச்சம் கூடியதாகத் தெரியும். முன்னேற்றம் பல மாதம் தொடரலாம். நரம்பு வெளுத்துப்போகும் அளவுக்கு நாள் கடந்திருந்தால் முழுதும் திரும்பாது. காத்திருக்கும் நாட்களில் திடீரென்று மண்டை பிளக்கும் வலி, வாந்தி, பார்வை மங்கல், இரட்டைத் தோற்றம் வந்தால் கட்டிக்குள் ரத்தக்கசிவு என்று எடுத்துக்கொண்டு, நடு இரவானாலும் எமர்ஜென்சிக்குப் போங்கள்.

இதற்குச் சென்னைக்குத்தான் போக வேண்டுமா?
– வாசகர், வாலாஜாபேட்டை

இல்லை. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கியதே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி ஆனாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: மூளை அறுவை நிபுணரும் காது மூக்கு தொண்டை நிபுணரும் சேர்ந்து செய்கிறார்களா? ஹார்மோன் டாக்டர் முன்னும் பின்னும் பார்க்கிறாரா? இந்த ஆபரேஷன் அங்கே வழக்கமாக நடக்கிறதா? கை பழகாத இடத்தில் செய்துகொள்ள வேண்டாம்.

தங்கைக்கு 26 வயது. மாதவிலக்கு நின்று எட்டு மாதம். மார்பில் பால் கசிகிறது. புரோலாக்டின் 190. ஸ்கேனில் 7 மில்லிமீட்டர் கட்டி. ஆபரேஷன் என்று கேட்டதிலிருந்து அம்மா சாப்பிடவே இல்லை.
– வாசகி, ஆம்பூர்

அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனைச் சுரக்கும் கட்டிக்குப் பெரும்பாலும் மாத்திரைதான் முதல் வைத்தியம். கேபர்கோலின் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை, 0.25 அல்லது 0.5 மில்லிகிராமில் தொடங்குவார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கும்போது போட்டால் குமட்டலும் கிறுகிறுப்பும் குறையும். கட்டியே சுருங்கும்.

அதற்கு முன் இரண்டு விஷயம் பார்த்தாகிவிட்டதா? ஒன்று, கர்ப்பப் பரிசோதனையும் தைராய்டும். இன்னொன்று, 'கேஸ்' மாத்திரை. பான்டோபிரசோலோடு டோம்பெரிடோன் கலந்த கேப்ஸ்யூலை நம் ஊரில் சீட்டில்லாமலே வாங்கிச் சாப்பிடுகிறார்கள். டோம்பெரிடோன் புரோலாக்டினை நன்றாகவே ஏற்றிவிடும். தங்கை சாப்பிடுகிறார் என்றால் டாக்டரிடம் சொல்லி நிறுத்தி, சில நாள் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்கட்டும். கேபர்கோலின் தொடங்கினால் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருத்தரிக்கலாம். திருமணமானவர் என்றால் முதலிலேயே டாக்டரிடம் பேசி வைக்க வேண்டும்.

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நன்றாகத்தான் இருந்தார். ஏழாம் நாள் தலைவலி, வாந்தி, ஒரே தூக்கம். வெயில் அசதி என்று இளநீரும் மோரும் கொடுத்துக்கொண்டே இருந்தோம். மறுநாள் வலிப்பு வந்துவிட்டது. உப்பு 118 என்றார்கள். நாங்கள் செய்த தவறு என்ன?
– வாசகர், ஆரணி

அன்பாகத்தான் கொடுத்தீர்கள். ஆனால் அந்த நேரத்தில் கொடுக்கக் கூடாதது அதுதான். ஊரில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது என்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

பிட்யூட்டரியின் பின்பகுதி, உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோனைச் சேமித்து வைத்திருக்கிறது. ஆபரேஷனில் அந்த நரம்பு முனைகள் அலுங்கினால், சில நாள் கழித்து அந்தச் சேமிப்பு தாறுமாறாக வெளியே கசியும். சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். குடித்ததெல்லாம் உள்ளேயே தங்கும். ரசத்தில் இரண்டு செம்புத் தண்ணீரை ஊற்றினால் உப்பு சப்பென்று ஆகிவிடுகிறதே, அதுதான் ரத்தத்தில் நடக்கிறது. அந்த உப்பு, அதாவது சோடியம், 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். இது வேகமாக இறங்கினால் மூளை வீங்கும். தலைவலி, குமட்டல், பேச்சில் குழப்பம், எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், கடைசியில் வலிப்பு.

இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. அதனால் அது தண்ணீர் குடித்த கணக்கில்தான் சேரும். கூடுதலாக உப்பு போட்டுச் சாப்பிட்டாலும் சரியாகாது, தண்ணீர் உள்ளே தங்கும்வரை.

இது வரும் நாட்கள் ஆபரேஷனுக்குப் பின் 4-லிருந்து 10 வரை; ஏழாம் நாளை ஒட்டித்தான் பெரும்பாலும் உச்சம். வார்டில் நன்றாக இருந்து வீட்டுக்கு வந்தவருக்கு வருகிறது, வீட்டில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. செய்ய வேண்டியது இது. ஏழாம் நாள் வாக்கில் ஒரு சோடியம் பரிசோதனை. டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதாவிட்டாலும் கேட்டு எழுதி வாங்குங்கள். நல்ல லேபும் ஆஸ்பத்திரியும் தூரமாக இருக்கும் மலைக்கிராமத்துக்காரர்கள் அந்த நாள் வரை வேலூரிலேயே உறவினர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிப் போவது நல்லது. தாகத்துக்குக் குடிக்கலாம், தாகமில்லாமல் யார் வற்புறுத்தினாலும் குடிக்கக் கூடாது. பல இடங்களில் இந்த ஒரு வாரத்துக்கு ஒரு நாளைக்கு ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் என்றே அளவு எழுதிக் கொடுக்கிறார்கள். காபி, மோர், கஞ்சி, ரசம் எல்லாம் அதில் அடக்கம். காலையில் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்து, காபி குடித்தால் அந்த டம்ளர் அளவுத் தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள். மிச்சம் எவ்வளவு என்று கண்ணுக்கே தெரியும்.

அக்னி நட்சத்திரத்து வேலூர் வெயிலில் இது கஷ்டம்தான். தண்ணீரைக் கூட்டாமல் நிழலைக் கூட்டுங்கள்: மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் படுக்க வைக்காதீர்கள், பகலில் வெளியே அழைத்துப் போகாதீர்கள், நனைத்த துண்டால் உடம்பைத் துடைத்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் சோடியத்தை ஒரே நாளில் சட்டென்று ஏற்ற மாட்டார்கள். 24 மணி நேரத்தில் 8 முதல் 10 அளவைத் தாண்டினால் மூளைத்தண்டில் நரம்பு உறை சிதைந்துபோகும் ஆபத்து உண்டு. "நாலு நாளாக ஐ.சி.யு.வில் வைத்திருக்கிறார்களே" என்று சந்தேகப்படாதீர்கள். கார்டிசோல் என்ற ஹார்மோன் குறைந்தாலும் சோடியம் இறங்கும் என்பதால் அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

எனக்கு நேர் எதிர். ஆபரேஷன் முடிந்த மறுநாளிலிருந்து அரை மணிக்கொரு தரம் சிறுநீர். தண்ணீர் மாதிரியே போகிறது. தாகம் அடங்கவில்லை. சர்க்கரை இல்லை என்கிறார்கள்.
– வாசகர், திருப்பத்தூர்

அதே ஹார்மோன் இங்கே சுரக்கவில்லை. முன்பு டயாபடிஸ் இன்சிபிடஸ் என்று பெயர், சர்க்கரை நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மணிக்கு 250 மில்லிக்கு மேல் இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து போனால் சொல்ல வேண்டும். வீட்டில் என்றால் அளவு கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக்கில் பிடித்து, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். "நிறையப் போகிறது" என்பதைவிட "நேற்று 5 லிட்டர்" என்பது டாக்டருக்குப் பத்து மடங்கு உதவும். உங்களுக்குத் தண்ணீரைக் கட்டுப்படுத்தக் கூடாது, சோடியம் ஏறிவிடும். மேலே ஆரணிக்காரருக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது.

பெரும்பாலோருக்குச் சில நாளில் அடங்கும். அடங்காவிட்டால் அந்த ஹார்மோனுக்கு ஈடான டெஸ்மோபிரெசின் மாத்திரை. ஆபரேஷன் ஆன மூக்கு என்பதால் ஸ்பிரே இப்போது வேண்டாம். மாத்திரை போட்ட பிறகும் பழைய பழக்கத்தில் செம்பு செம்பாகக் குடித்தால் சோடியம் இறங்கும். ஒரு வேளை மாத்திரையின் வேகம் தீர்ந்து சிறுநீர் மறுபடி கூடிய பிறகு அடுத்ததைப் போடுவது பாதுகாப்பு. முதலில் நிறையப் போய், பிறகு ஒரு வாரம் குறைந்து, மறுபடி கூடுகிற மூன்று கட்டமும் சிலருக்கு உண்டு. அதனால் நின்றுவிட்டது என்று நோட்டை மூடிவிடாதீர்கள்.

கணவருக்கு ஹைட்ரோகார்டிசோன் கொடுத்திருக்கிறார்கள். அது ஸ்டீராய்டு, முகம் ஊதிவிடும், நிறுத்திவிடு என்கிறார்கள் பக்கத்து வீட்டில்.
– வாசகி, போளூர்

நிறுத்தவே கூடாது. முகம் ஊதுவது, அளவுக்கு மேல் நீண்டநாள் சாப்பிடும் ஸ்டீராய்டால். இது உடம்பு தானே சுரக்க வேண்டிய கார்டிசோலை வெளியிலிருந்து ஈடுகட்டுவது. வழக்கமான அளவு நாளைக்கு 15 முதல் 25 மில்லிகிராம்: எழுந்ததும் 10, மதியம் 5, மாலை 5 என்பதுபோல. மாலை வேளையை ஆறு மணிக்கு மேல் தள்ளினால் தூக்கம் கெடும். மருந்துக்கடையில் ஹைட்ரோகார்டிசோன் இல்லையென்றால் "அதே மாதிரி" என்று கடைக்காரர் கொடுப்பதை வாங்காதீர்கள். டாக்டரே பிரெட்னிசலோனாக மாற்றித் தருவார், மில்லிகிராம் கணக்கு வேறு.

வீட்டுச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டியது இது: காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் போனால் அளவு இரண்டு மடங்கு, 102-க்கு மேல் மூன்று மடங்கு; காய்ச்சல் விட்டதும் பழைய அளவு. மாத்திரை போட்ட அரை மணிக்குள் வாந்தி என்றால் மறுபடி போட வேண்டும். அதுவும் வாந்தியானால், அல்லது பேதியோடு மயக்கமாக இருந்தால், காத்திருக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரியில் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி. அங்கே உள்ள டாக்டருக்கு இவர் யாரென்று தெரியாது. "பிட்யூட்டரி ஆபரேஷன் ஆனவர், கார்டிசோல் குறைவு, ஊசி உடனே தேவை" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும். பல் பிடுங்கப் போனாலும் அதை முதலில் காட்டுங்கள்.

எல்லோருக்கும் ஆயுள் முழுக்க வேண்டியதில்லை. பொதுவாக ஆறு வாரம் கழித்து, காலை எட்டு மணிக்கு, அன்றைய மாத்திரை போடும் முன் ரத்தம் எடுத்துப் பார்த்து முடிவு செய்வார்கள். அன்று பழக்கதோஷத்தில் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தால் ரிசல்ட்டே வீண். இன்னொன்று: தைராய்டும் குறைவு என்றால் ஸ்டீராய்டு முதலில், தைராக்சின் பிறகு. மாறிப்போனால் இருக்கிற கொஞ்ச கார்டிசோலும் வேகமாகச் செலவாகி ஆள் சாய்ந்துவிடுவார். தைராய்டு அளவைப் பார்க்க இவருக்கு டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) உதவாது, அதைச் சுரப்பதே பிட்யூட்டரிதான். ஃப்ரீ டி4 எழுதச் சொல்லுங்கள்.

மூக்கில் பொருக்கு, வாசனையே தெரியவில்லை. எத்தனை நாள்? மூக்குப்பொடிப் பழக்கம் உண்டு. மறுபடி போடலாமா?
– வாசகர், காட்பாடி

பொடியை இத்தோடு விட்டுவிடுங்கள். பொருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் வரும். வாசனை பெரும்பாலும் அந்தக் காலத்தில் திரும்பும். பொருக்கை விரலால் பிய்க்காதீர்கள். அடியில் இருப்பது மூளைக்கு அடைத்த மூடி. டாக்டர் சொன்ன நாளிலிருந்து உப்புத் தண்ணீர்க் கழுவல்: ஐந்து நிமிடம் கொதித்து ஆறிய தண்ணீர் 250 மில்லி, அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு, ஆப்பச்சோடா ஒரு சிட்டிகை. மருந்துக்கடைப் பொட்டலமும் ஆகும். கிணற்று, குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடக் கூடாது, அதில் மூளையைத் தாக்கும் அமீபா இருக்கலாம்.

நான்கிலிருந்து ஆறு வாரம் மூக்கைச் சிந்தாதீர்கள். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். மிளகாய் தாளிக்கும் நேரத்தில் சமையலறைப் பக்கம் போகாதீர்கள், சாம்பிராணியும் வேண்டாம். தலையணையை உயர்த்திப் படுங்கள். முக்கினால் தலைக்குள் அழுத்தம் ஏறும். லாக்டுலோஸ் சிரப் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் மேற்கத்திய கழிப்பறை.

கவனிக்க வேண்டியது ஒன்று. குனியும்போது ஒரு துவாரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தெளிந்த தண்ணீர், தொண்டையில் உப்புக் கரிப்பு. சளி காய்ந்தால் கைக்குட்டை மொரமொரப்பாகும், மூளைத் தண்ணீர் காய்ந்தால் ஆகாது. சுத்தமான சின்ன பாட்டிலில் பிடித்துக்கொண்டு அன்றே போங்கள். பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் சோதனை அது மூளைத் தண்ணீரா என்று சொல்லிவிடும். காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தால் மூளைக்காய்ச்சல், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

பட்டுத்தறியில் எப்போது உட்காரலாம்?
– வாசகர், ஆரணி

வீட்டுக்குள் நடை மறுநாளே. 5 கிலோவுக்கு மேல் தூக்குவது, குனிந்து பாவு சரிசெய்வது, தறி மிதிப்பது எல்லாம் ஆறு வாரம் கழித்து, மூக்கைப் பார்த்த டாக்டர் சரி என்ற பிறகு. ஓரப்பார்வை போயிருந்தவர்கள் பீல்டு டெஸ்ட் மறுபடி எடுக்கும் வரை பைக் ஓட்டக் கூடாது.

ஷூ கம்பெனியில் வேலை. என் செருப்பு அளவே 8-லிருந்து 10 ஆனது. மோதிரம் ஏறவில்லை. வளர்ச்சி ஹார்மோன் கட்டி என்று எடுத்தார்கள். கை கால் பழையபடி ஆகுமா?
– வாசகர், வாணியம்பாடி

சதை வீக்கம் சில நாளிலேயே வடியும். மோதிரம் தளரும், குறட்டை குறையும். வளர்ந்த எலும்பு திரும்பாது, செருப்பு 9-க்கு வந்தாலே நல்லது. கட்டி முழுதாகப் போனதா என்பதைக் கண்ணாடி சொல்லாது: ஆபரேஷனுக்கு 12 வாரம் கழித்து, வளர்ச்சி ஹார்மோன் நிலையைக் காட்டும் ஐ.ஜி.எஃப்-1 என்ற ரத்தப் பரிசோதனை பாருங்கள். தேவைப்பட்டால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துவிட்டு வளர்ச்சி ஹார்மோன் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அளவு குறைக்க வேண்டிவரும், முதல் வாரத்திலேயே குளுக்கோமீட்டரில் பாருங்கள். இல்லையென்றால் பழைய டோஸிலேயே சர்க்கரை தாழ்ந்துவிடும்.

ஒரு மாதத்தில் எடுத்த ஸ்கேனில் "மிச்சம் இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறது. மறுபடி ஆபரேஷனா?
– வாசகி, ராணிப்பேட்டை

ஒரு மாத ஸ்கேனில் அடைத்த கொழுப்பும் உறைந்த ரத்தமும் கட்டிபோலவே தெரியும். மூன்று மாதம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.தான் கணக்கு. அப்போதும் மிச்சமிருந்தால், ஹார்மோன் சுரக்காத சிறு துண்டு என்றால் ஆண்டுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வளர்ந்தால் மறு ஆபரேஷன், அல்லது பார்வை நரம்பிலிருந்து சில மில்லிமீட்டர் விலகியிருந்தால் காமா நைஃப் கதிர்வீச்சு. கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு ஹார்மோன்கள் பல ஆண்டு கழித்தும் குறையலாம் என்பதால் ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை உண்டு. ஆபரேஷனுக்கு முன் எடுத்த முதல் ஸ்கேனின் சி.டி.யைத் தொலைத்துவிடாதீர்கள், அதோடு ஒப்பிட்டால்தான் புதுப் படத்துக்கு அர்த்தம். ஃபைலோடு ஒரு கவரில் போட்டு, பீரோவில் வையுங்கள்.